துப்பாக்கிச் சுடும் போட்டிக்கு என்ன உடுத்துவது? முதலில் வாங்க வேண்டியது பெல்ட்

புக்கிட் மெர்தாஜாம் – நின்ற இடத்தில் நின்று ஒரே இலக்கைக் குறிபார்ப்பது ஒலிம்பிக் பாணி. இடுப்பிலிருந்து கைத்துப்பாக்கியை உருவி, ஓடி, மண்டியிட்டு, தடுப்புக்குப் பின்னால் நின்று அட்டை இலக்குகளைச் சுடுவது 'பிராக்டிக்கல்' பாணி. இதற்கான ஐபிஎஸ்சி அமைப்பு 1976-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதன் உலகப் போட்டிகள் 2008-இல் பாலியிலும் 2022-இல் பட்டாயாவிலும் நடந்துள்ளன.

ஆர்வம் வந்ததும் பலர் இணையத்தில் பொருள் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து. நமது 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் உதிரிப் பாகமும் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அடங்கும். போலித் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றமே. பிள்ளை ஆசைப்பட்டான் என்று 'ஏர்சாஃப்ட்' வாங்கிக் கொடுத்துவிட்டு வழக்கில் சிக்க வேண்டாம். முதலில் பதிவு பெற்ற கிளப்பில் சேர வேண்டும். உரிம விவரங்களை அவர்களிடமும் போலீசாரிடமும் கேட்டறியலாம்.

சட்டச் சிக்கல் இல்லாமல் இன்றே வாங்கக்கூடியது பெல்ட். பசார் மாலாமில் கிடைக்கும் மெல்லிய பெல்ட் உதவாது. துப்பாக்கியின் எடைக்கு அது வளைந்துவிடும். உருவும்போது உறையும் சேர்ந்து மேலே வரும். உள்பெல்ட் ஒன்றைச் சிலுவாரின் வளையங்களில் கோத்து, அதன்மேல் விறைப்பான வெளிபெல்ட்டை ஒட்டுவதே வழக்கம். ஆண்கள் அதை இடுப்பு மட்டத்தில் கட்ட வேண்டும். பெண்கள் சற்றுக் கீழே இறக்கிக் கட்ட விதி இடம் தருகிறது.

துப்பாக்கி உறையை அவசரப்பட்டு வாங்கக் கூடாது. ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வோர் உறை. எந்தத் துப்பாக்கி என்று தெரியாமல் வாங்கினால் காசு வீண். விசை முழுவதும் மறைய வேண்டும். ஓடும்போது துப்பாக்கி அசையக் கூடாது. போட்டியில் சுடும்போது அது கைநழுவி விழுந்தால் அன்றோடு வெளியேற்றம்தான். தோளில் மாட்டும் உறை, தொடையில் கட்டும் உறை இரண்டுக்கும் ஐபிஎஸ்சி-யில் அனுமதி இல்லை. சினிமாவில் பார்த்ததை மறந்துவிடலாம்.

சட்டையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. சுட்டதும் தெறிக்கும் பித்தளை உறை கொதிக்கும். அகன்ற கழுத்துச் சட்டைக்குள் அது விழுந்தால் உடல் தானாகத் துள்ளும். கையில் இருப்பதோ குண்டு நிரப்பிய துப்பாக்கி. முனை பின்பக்கம் திரும்பிவிட்டால் வெளியேற்றம் மட்டுமா, உயிருக்கே ஆபத்து. எனவே கழுத்தை ஒட்டிய, வியர்வை உலரும் டி-சட்டையே நல்லது. அதை உள்ளே செருக வேண்டும். தொங்கும் ஓரம் உறைக்குள் போய் விசையில் சிக்கக்கூடும். நீண்ட சங்கிலிகளையும் தளர்ந்த துப்பட்டாவையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டால் போதும்.

ராணுவப் பச்சைப் புள்ளி உடை வேண்டாம். ராணுவத்தினர், போலீசார் தவிர மற்றவர்கள் அதை அணிவதை ஐபிஎஸ்சி விதி ஊக்குவிப்பதில்லை. 1996-இல் தொடங்கிய ஐடிபிஏ என்ற மற்றொரு பாணியில் மட்டும் துப்பாக்கியை மறைக்கும் மேல்சட்டை தேவைப்படும். கைகளைப் பக்கவாட்டில் நீட்டினாலும் துப்பாக்கி வெளியே தெரியக் கூடாது. நம் வெயிலுக்கு அது சோதனைதான்.

மழைக்குப் பின் செம்மண் வழுக்கும். பிடிப்புள்ள, விரல்களை மூடிய காலணி தேவை. சிலிப்பர் கூடவே கூடாது. கண்ணாடி பக்கவாட்டையும் மறைக்க வேண்டும். தொப்பியின் விளிம்பு, பித்தளை உறை கண்ணாடிக்குள் விழாமல் தடுக்கும். கைத்துப்பாக்கி ஓசை 150 டெசிபலைத் தாண்டும். கூரையுள்ள தளத்தில் காதடைப்பானின் மேல் காதுமூடியும் சேர்த்து அணிவது நல்லது.

சுட்டு முடித்ததும் கையிலும் உடையிலும் ஈயத் துகள் ஒட்டியிருக்கும். சோப்பு போட்டுக் கை கழுவாமல் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் தூக்குவதற்கு முன் சட்டையை மாற்ற வேண்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். காலணியை வாசலுக்கு வெளியே விட்டுவிடலாம்.