ஒரே கொப்பி, இரண்டு விரல்

‘வந்தாறுமூலை’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. ஜாவா நிரல்மொழிக்கு 11 குறி. புள்ளியையும் காலையும் கொம்பையும் அது தனித்தனியாக எண்ணும். குறி ஒன்றுக்கு 2 பைட், ஆக 22 பைட். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான வளாகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. அங்கே கணினி படிக்கிற பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்கிறேன். இதை ஒரு கோப்பில் எழுத, 2002இல் ஜாவா 1.4 கொண்டுவந்த ‘பைட்பஃபர்’ என்ற தற்காலிகச் சேமிப்பிடத்தில் இரண்டு வழி உண்டு.

முதல் வழி நேரானது. 1024 பைட் பஃபர் ஒன்றை எடுத்து, ‘புட்கார்’ என்று 11 தடவை குறிகளை இடுகிறோம். அடுத்து எழுதவேண்டிய இடத்தைக் காட்டும் ‘பொசிஷன்’ ஒவ்வொரு தடவையும் இரண்டு நகர்ந்து, கடைசியில் 22இல் நிற்கும். ‘ஃபிளிப்’ செய்தால் அந்த 22 ‘லிமிட்’ என்ற எல்லை ஆகும், பொசிஷன் 0க்குத் திரும்பும். பைட்டுகளைக் கோப்புக்குக் கொண்டுசெல்லும் ‘சானல்’ இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதை மட்டுமே கோப்பில் எழுதும். 22 பைட், சரி.

இரண்டாவது, ‘ஆஸ்கார்பஃபர்’ தரும் பார்வை. அதே 1024 பைட், இப்போது 512 குறிகளாகத் தெரிகிறது. முழுப்பெயரையும் ஒரே அழைப்பில் இடலாம்; இந்த வசதிக்காகவே பலர் இதை விரும்புகிறார்கள். சறுக்குவதும் இங்கேதான். ஒரே கொப்பியில் இரண்டு பேர் விரல் வைத்திருப்பதுபோல நினையுங்கள். ஒருவர் விரல் நகர்ந்தால் மற்றவர் விரல் நகராது. பார்வையின் பொசிஷன் 11க்குப் போய்விட்டது, பைட்பஃபருடையது இன்னும் 0இலேயே நிற்கிறது. பழக்கத்தில் பைட்பஃபரை ஃபிளிப் செய்தால் லிமிட் 0 ஆகும். கோப்பு வெறுமையாக இருக்கும், பிழைச்செய்தி ஒன்றும் வராது. ஃபிளிப்பை விட்டுவிட்டால் 1024 பைட்டும் போகும்: பெயருக்குப் பின்னால் 1002 பூச்சியங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது பிழைதான் மோசம். வெற்றுக் கோப்பு உடனே கண்ணில் படும். பூச்சியங்களோ திரையில் தெரியாமலே கிடக்கும்.

பைட்பஃபரின் லிமிட்டை, பார்வையின் பொசிஷனைப்போல் இரு மடங்காக வைப்பதே பலர் சொல்லும் தீர்வு. எனக்குப் பிடித்தது வேறு: பைட்பஃபரின் பொசிஷனையே 22 முன்தள்ளிவிட்டு, வழமைபோல ஃபிளிப் செய்வது. காரணம் இருக்கிறது. பெயருக்கு முன்னால் அதன் நீளத்தை 4 பைட் எண்ணாக எழுதினோம் என்று வையுங்கள். அதன்பின் எடுக்கிற பார்வை 4ஆம் பைட்டிலிருந்துதான் தொடங்கும். அதில் 510 குறிகளுக்கே இடம். இரு மடங்குக் கணக்கு 22 என்று சொல்லும், கடைசி இரண்டு குறி வெட்டுப்பட்டு ‘வந்தாறுமூ’ மட்டும் கோப்பில் விழும். முன்தள்ளும் முறையில் 4உம் 22உம் சேர்ந்து 26. ஊர்ப்பெயர் முழுதாக வந்து சேரும்.