மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட இரவில் கென்னடி நினைவுகூர்ந்த நாடகம்: 'ஓரெஸ்டீயா' என்ன சொல்கிறது?

1968 ஏப்ரல் 4. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகருக்குத் தேர்தல் பிரசாரத்துக்காக வந்திருந்தார் ராபர்ட் கென்னடி. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட செய்தியைக் கூடியிருந்த மக்களிடம் அவர்தான் சொன்னார். கூட்டத்தில் பெரும்பாலானோர் கறுப்பின மக்கள். கோபம் எப்படி வேண்டுமானாலும் வெடித்திருக்கலாம். அந்த நேரத்தில் அவர் துணைக்கு அழைத்தது கிரேக்க நாடக ஆசிரியர் எஸ்கிலஸை. மனிதன் விரும்பாவிட்டாலும் துன்பம் அவனுக்கு அறிவைத் தரும் என்ற பொருளில் வரும் வரிகள் அவை. இரண்டே மாதத்தில் கென்னடியும் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆர்லிங்டனில் அவரது நினைவிடத்திலும் அதே வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன.

அப்படி அந்த நாடகத்தில் என்னதான் இருக்கு?

ஒரே குடும்பம், வரிசையாகக் கொலைகள்

கி.மு. 458-ல் ஏதென்ஸில் அரங்கேறி முதல் பரிசு வாங்கிய மூன்று நாடகங்களின் தொகுப்புதான் 'ஓரெஸ்டீயா'. டிராய் போருக்குக் கிளம்பிய மன்னன் அகமெம்னானின் கப்பல்கள் எதிர்க்காற்றில் சிக்கிக்கொள்கின்றன. காற்று மாற, பெற்ற மகள் இஃபிஜீனியாவையே பலி கொடுக்கிறான். பத்து வருடம் கழித்து ஜெயித்துத் திரும்பியவனை, குளிக்கும் இடத்தில் துணியால் சுற்றி வெட்டிச் சாய்க்கிறாள் மனைவி கிளைடெம்னெஸ்ட்ரா. மகளுக்காகப் பழி தீர்த்தேன் என்கிறாள். அவளுடன் சேர்ந்த ஏஜிஸ்தஸுக்கும் தனிக் கணக்கு இருக்கிறது: அவனுடைய அண்ணன்களைக் கொன்று, பெற்ற தந்தைக்கே விருந்தாகப் பரிமாறியவர் அகமெம்னானின் அப்பா.

அடுத்தது மகன் ஓரெஸ்டெஸின் முறை. அப்பாவைக் கொன்றவர்களைக் கொல் என்பது அப்பல்லோ தெய்வத்தின் உத்தரவு. பால் கொடுத்த மார்பைக் காட்டித் தாய் கெஞ்சும்போது அவன் கை தயங்குகிறது. அதுவரை வாயே திறக்காமல் கூட நின்ற நண்பன் பிலாடெஸ், தெய்வ வாக்கை நினைவூட்டி மூன்றே வரி பேசுகிறான். அவ்வளவுதான், தாயின் கதை முடிகிறது.

இதில் யாரை வில்லன் என்பது? ஒவ்வொருவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. சிக்கலே அதுதான். இறந்தவர்களை எழுப்பும் மருந்து ஸூஸ் தெய்வத்திடமே இல்லை என்று ஒப்புக்கொள்ளும் நாடகம் இது. அதனால் எந்தப் பழிவாங்கலும் இஃபிஜீனியாவைத் திருப்பித் தரப்போவதில்லை.

சமமாக விழுந்த ஓட்டு

தாயைக் கொன்றவனைப் பழிதெய்வங்களான எரின்யெஸ் துரத்துகின்றன. ஏதென்ஸுக்கு ஓடிவந்தவனை அதீனா தானே தண்டிக்கவும் இல்லை, விடுவிக்கவும் இல்லை. ஊர்க்காரர்களைக் கூட்டி ஒரு நீதிமன்றம் அமைக்கிறாள். தாய் உண்மையான பெற்றோரே இல்லை, விதையைச் சுமப்பவள் மட்டும்தான் என்று வாதாடுகிறார் அப்பல்லோ. இன்று கேட்டால் எரிச்சல்தான் வரும். அதீனாவோ தன் ஓட்டு ஓரெஸ்டெஸுக்கே என்றும், சமமாக வந்தாலும் விடுதலைதான் என்றும் அறிவிக்கிறாள். எண்ணினால், சமம்! ஏதென்ஸின் நிஜ நீதிமன்றங்களிலும் ஓட்டு சமமானால் குற்றம்சாட்டப்பட்டவருக்கு விடுதலைதான்.

பார்வையாளர்களுக்கு இது வெறும் புராணம் அல்ல. கதையில் வழக்கு நடக்கும் அரியோபகஸ் குன்று, அரங்கிலிருந்து நடந்தே போகும் தூரம். அங்கே கூடிய மன்றத்தின் அதிகாரங்களைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் வெட்டிக் குறைத்திருந்தார் எஃபியால்டெஸ் என்ற தலைவர். பிறகு அவரும் கொல்லப்பட்டார்.

தீர்ப்பு வந்ததும் ஓரெஸ்டெஸ் நன்றி சொல்லிக் கிளம்பிவிடுகிறான். ஆனால் நாடகம் முடியவில்லை. தோற்றுப்போன எரின்யெஸ், இந்த மண்ணையே விஷமாக்குவோம் என்று கொதிக்கிறார்கள். அதீனா அவர்களை விரட்டவில்லை. திரும்பத் திரும்பப் பேசுகிறாள். இதே ஊரில் உங்களுக்குக் கோயில், பூஜை, மரியாதை எல்லாம் உண்டு என்கிறாள். கடைசியில் அவர்கள் இறங்கிவருகிறார்கள். ஊரே தீப்பந்தம் பிடித்து ஊர்வலமாக, நிலத்துக்கு அடியில் உள்ள புது இருப்பிடத்துக்கு அவர்களை அழைத்துப்போகிறது.