சக்கரம் புதைந்த கதை

கர்ணனைக் கொன்றது யார் என்று கேட்டால் அர்ஜுனன் என்பார்கள் சிலர். கண்ணன் என்பார்கள் சிலர். குந்தி, இந்திரன், பரசுராமர் என்று பட்டியலை நீட்டிக்கொண்டே போகிறவர்களும் உண்டு. சின்ன வயதில் எங்கள் ஊர்த் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதம் கேட்ட நாட்களில் எனக்கு வேறு ஒரு சந்தேகம் இருந்தது. பதினேழு நாள் ஆயிரக்கணக்கான தேர்கள் ஓடிய களத்தில் இந்த ஒரு தேரின் சக்கரம் மட்டும் ஏன் புதைய வேண்டும்? கேட்டால், "அந்தணர் சாபமடா" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள். சாபம் இருக்கலாம். ஆனாலும் மண் என்று ஒன்றும் இருக்கிறதே!

இந்தப் பழைய சந்தேகம் சமீபத்தில் ஒரு லாரிப் பட்டறையில் எனக்கு மறுபடியும் வந்தது.

என் சிநேகிதர் ஒருவருக்கு மலைமேல் ஏலத் தோட்டம் இருக்கிறது. காட்டுப் பாதையில் உரமூட்டையும் மரமும் ஏற்றிப் போய் வருவதற்காக ஒரு பழைய லாரியை வாங்கி, அதற்குக் கனமான புது அச்சுகள் பூட்டியிருந்தார். அச்சு பிரமாதமாக அமைந்துவிட்டது. பழைய சக்கரந்தான் அதில் ஏறமாட்டேன் என்றது. சக்கரத்தில் துளை ஆறு. அச்சின் குடத்தில் போல்ட் எட்டு. என்ன சக்கரம் போடுவது என்று தீர்மானிப்பதற்காக, மலையடிவாரத்துப் பட்டறை ஒன்றுக்கு அவர் போனார். கதை எழுதுகிறவனுக்கு எங்கே போனாலும் லாபந்தான் என்று நானும் கூடப் போனேன்.

"இருப்பதிலேயே பெரிய சக்கரமாகப் போட்டுவிடும்" என்றார் சிநேகிதர்.

பட்டறை மேஸ்திரி வயதானவர். கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "போல்ட் கணக்கு, நடுத்துவாரம், பிரேக் டிரம்மிலே இடிக்குதா, பாரம் தாங்குமா, எல்லாத்தையும் அளந்து பார்த்துச் சொல்லிடலாம் சார். உங்க பாதை பாறையா, செம்மண்ணா, சேறா? அதை நீங்கதான் சொல்லணும். அச்சைப் பார்த்து வாங்கின சக்கரம் வண்டியிலே ஏறும். மண்ணைப் பார்த்து வாங்கினதுதான் மலையிலே ஏறும்."

சிநேகிதருக்கு இந்த உபதேசம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எனக்கோ, எப்போதோ படித்த ஒரு சரித்திரம் கண்முன்னே வந்து நின்றது. உலகத்திலேயே மிகப் பெரிய சக்கரங்களில் நான்கைப் பூட்டிக்கொண்டு, பூமியின் தென்கோடிக்குப் போன ஒரு வண்டியின் சரித்திரம் அது.

அந்த வண்டியின் கதை ஒரு மனிதனுடைய உயிரைக் காப்பாற்றியதிலிருந்து தொடங்குகிறது. 1934-ஆம் வருஷம். அமெரிக்காவின் அட்மிரல் ரிச்சர்ட் பேர்ட், தென் துருவக் கண்டத்தில் தம் கூட்டத்தார் இருந்த 'லிட்டில் அமெரிக்கா' முகாமை விட்டு, நூறு மைலுக்கும் அப்பால் பனிக்கடியில் புதைத்த ஒரு சிறு குடிசையில் தன்னந்தனியாகக் குளிர்காலத்தைக் கழித்தார். அங்கே அடுப்பிலிருந்து கசிந்த விஷவாயு அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தது. முகாமில் இருந்தவர்களுக்கு அவர் அதைச் சொல்லவில்லை. வந்து காப்பாற்றப் புறப்பட்டால் அவர்களும் சாவார்களே என்று பயந்தார். ஆனால் அவர் கம்பியில்லாத் தந்தியில் அனுப்பிய செய்திகள் தட்டுத் தடுமாறி வந்ததைக் கண்டு மற்றவர்கள் சந்தேகப்பட்டார்கள். சூரியனே உதிக்காத துருவ இரவில், பட்டைச் சங்கிலிமேல் ஓடும் டிராக்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று பேர் கிளம்பினார்கள். இரண்டு முறை திரும்பி வர நேர்ந்தது. மூன்றாவது முறை, ஆகஸ்ட் மாதத்தில், போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் டாக்டர் தாமஸ் போல்ட்டர் என்ற விஞ்ஞானி.

அந்த இரவுகளைப் போல்ட்டர் மறக்கவில்லை. ஊர் திரும்பிச் சிகாகோவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அமர்ந்தபோது, அந்த நினைவிலிருந்து ஒரு வண்டி பிறந்தது. அதிலேயே சமைக்கலாம், தூங்கலாம், ஆராய்ச்சி செய்யலாம். ஐந்து பேருக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய ஆகாரம் கொள்ளும். ஒரே மூச்சில் 5,000 மைல் போகும். கூரைமேல் ஓர் ஆகாய விமானமும் ஏற்றிச் செல்லும். இனி எந்த மனிதனும் தென் துருவத்தில் தனியாகக் கிடந்து சாக வேண்டியதில்லை! 'ஸ்நோ குரூஸர்', அதாவது பனியில் செல்லும் கப்பல் என்று அதற்குப் பெயர்.

வண்டியின் நீளம் 55 அடிக்கு மேல். அகலம் சுமார் 20 அடி. பாரத்தோடு எடை 75,000 ராத்தல், சுமார் 34 டன். இரண்டு டீசல் எஞ்சின்கள் மின்சாரம் உண்டாக்கும். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி மின்சார மோட்டார். சக்கரங்களை விமானத்தின் கால்களைப் போல மேலே இழுத்துக்கொள்ளலாம். பனிப் பிளவு குறுக்கிட்டால் முன் சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு, பின் சக்கரங்கள் தள்ள, வண்டியின் வயிறு பிளவைத் தாண்டும். பிறகு முன்னதை இறக்கிப் பின்னதைத் தூக்கிக்கொள்ள வேண்டும். 15 அடிப் பிளவையும் இப்படிக் கடந்துவிடலாம் என்று கணக்கு. கடுங்குளிரில் ரப்பர் வெடித்துவிடாமல் இருக்க, எஞ்சின் புகையைச் சக்கரங்களின் அறைக்குள் விட்டுச் சூடாக்கும் ஏற்பாடுகூட இருந்தது.

இவ்வளவு யோசித்த மனிதர் டயர் விஷயத்தில் என்ன செய்தார்? சந்தையில் கிடைத்த பெரிய டயர்களிலேயே மிகப் பெரியதை எடுத்தார். 10 அடி உயரம். இரண்டே முக்கால் அடி அகலம். குட்இயர் கம்பெனியின் தயாரிப்பு. டயரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது முதலில் வேறு ஓர் இடத்துக்காகப் பிறந்தது. லூசியானாவின் சதுப்பு நிலங்களில் எண்ணெய் தேடுகிறவர்கள் ஒரு வண்டி வைத்திருந்தார்கள். அதற்காக வந்தது இந்த ராட்சத டயர். சதுப்பில் டயருக்கு வேலை, படகின் வேலை. உள்ளே இருக்கும் காற்று அதை மிதக்க வைக்கும். ஆகையால் மேலே பட்டன் எதுவும் இல்லை. வழவழவென்று மொட்டையாக இருந்தது.

பனியில் மொட்டை டயர்! மேஸ்திரி கேட்டால் சிரித்திருப்பார். ஆனால் நாம் சிரிப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போல்ட்டருக்கு அவகாசமே இல்லை. 1939 ஏப்ரலில் வாஷிங்டனில் திட்டத்தைக் காட்டினார். நவம்பரில் கப்பல் புறப்படும். தென் துருவத்தில் கோடைக்காலம் யாருக்காகவும் காத்திராது. ஆகஸ்டில் தொடங்கி, சுமார் 11 வாரத்தில் வண்டியைக் கட்டி முடித்தார்கள். அக்டோபர் 24-ந் தேதி அது சிகாகோவிலிருந்து பாஸ்டன் துறைமுகத்துக்குத் தன் காலாலேயே புறப்பட்டது. ஆயிரம் மைல். வழியெல்லாம் ஜனங்கள் தேர் பார்க்கக் கூடுவதைப் போலக் கூடினார்கள். ஓஹையோ ராஜ்யத்தில் சுக்கான் கோளாறினால் ஒரு சிறு பாலத்திலிருந்து ஓடைக்குள் இறங்கி, மூன்று நாள் அங்கேயே கிடந்தது. பாஸ்டன் சேர்ந்தது நவம்பர் 12. கப்பல் கிளம்பியது நவம்பர் 15. பனியில் ஒரு மைல்கூட ஓட்டிப் பார்க்காமல் வண்டி பனிக் கண்டத்துக்குக் கப்பலேறிவிட்டது!

1940 ஜனவரி. தென் துருவக் கரையில் மரத்தால் சாய்வுப் பாலம் அமைத்து வண்டியை இறக்கினார்கள். அட்மிரல் பேர்ட் கூரைமேல் நின்றுகொண்டிருந்தார். பாதி வழியில் ஒரு சக்கரம் பலகையை உடைத்துக்கொண்டு இறங்கியது. போல்ட்டர் விசையை முழுதும் அழுத்த, வண்டி ஒரு துள்ளுத் துள்ளிக் கரையேறியது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அந்த வண்டிக்கு வாய்த்த வெற்றி முழக்கம் அது ஒன்றுதான்.

கொஞ்ச தூரத்திலேயே வண்டி நின்றுவிட்டது. சக்கரங்கள் என்னவோ சுற்றின. வண்டி நகரவில்லை. மொட்டை டயருக்குப் பனியில் பிடிப்பே கிடைக்கவில்லை. சுற்றச் சுற்றத் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு மூன்றடி ஆழம் இறங்கியது. கணக்குப் பார்த்தால் ஆச்சரியமில்லை. 34 டன்னை நான்கால் வகுத்தால் ஒவ்வொரு சக்கரத்தின் தலையிலும் எட்டரை டன். இரண்டு யானையின் பாரம். அதைப் பொடிப் பனியின்மேல் நிறுத்தி, மேலும் உதைத்துத் தள்ளச் சொன்னால் பனி என்ன செய்யும்? மோட்டார்கள் சூடேறின. மாற்றுக்காகக் கொண்டுவந்த இரண்டு டயர்களையும் முன் சக்கரங்களோடு சேர்த்துப் பூட்டி அகலப்படுத்தினார்கள். பின் சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டினார்கள். அப்படியும் பிரயோஜனம் சொற்பந்தான்.

கடைசியில் ஒரு விசித்திரம் தெரியவந்தது. பின்பக்கமாக ஓட்டினால் வண்டிக்குக் கொஞ்சம் பிடிப்புக் கிடைத்தது! அது தென் துருவத்தில் செய்த மிக நீண்ட பிரயாணம் 92 மைல். 92 மைலும் ரிவர்ஸில்! 5,000 மைல் போகப் பிறந்த வண்டி, முதுகைக் காட்டிக்கொண்டு ஊர்ந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதக் கடைசியில் போல்ட்டர் அமெரிக்காவுக்குத் திரும்பினார். வண்டியின் மேல் மரமும் பனியும் போட்டு மூடி, அதை ஒரு வீடாக்கிக்கொண்டு, டாக்டர் ஆல்டன் வேட் முதலியவர்கள் அதற்குள்ளிருந்து ஆராய்ச்சிகள் நடத்தினார்கள். அவ்வளவு குளிரிலும் அது நல்ல வீடாகத்தான் இருந்தது. மகா யுத்தம் நெருங்கியதும் பணம் நின்றுபோயிற்று. வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள்.

இதற்குப் பத்து வருஷம் முன்பே, பூமியின் இன்னொரு பக்கத்தில், ஒரு மனிதர் நேர்மாறான காரியத்தைச் செய்துகொண்டிருந்தார். எகிப்தில் இருந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி ரால்ஃப் பாக்னால்ட் அவர். லீவு கிடைத்தபோதெல்லாம் நண்பர்களோடு சாதாரண ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் போவார். ராட்சதச் சக்கரமோ விசேஷ அச்சோ அவரிடம் இல்லை. ஆனால் மணலைப் பார்க்கும் கண் இருந்தது. டயரில் காற்றைக் குறைத்தால் அது தட்டையாகப் படர்ந்து, மணலை அதிகம் அழுத்தாமல் போகும் என்று கண்டார். மணல் மேடுகளில் காற்று வீசும் பக்கம் இறுகியும், மறுபக்கம் பொலபொலவென்றும் இருப்பதைக் கண்டார். இறுகிய சரிவில் வேகமாக ஏறினால் கார் சறுக்காமல் உச்சிக்குப் போயிற்று. அப்படியும் புதைந்தால் என்ன செய்வது? கெய்ரோவில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து, முதல் மகா யுத்தத்தில் பதுங்கு குழிகளுக்குக் கூரை போட்ட இரும்புத் தகடுகளை வாங்கிவந்து சக்கரத்தின் அடியில் போட்டார். 1930-ல் மாபெரும் மணற்கடல் என்று பெயர் பெற்ற பிரதேசத்தைக் காரிலேயே கடந்தார்.

பத்து வருஷம் கழித்து, 1940-ல், இதே வித்தை யுத்தத்துக்கு வந்தது. பாக்னால்ட் அமைத்த பாலைவனப் படை, சாதாரண ஷெவர்லே லாரிகளில், யாரும் கடக்க முடியாது என்று எதிரிகள் நம்பியிருந்த மணலைக் கடந்து அவர்கள் முதுகுப்புறத்தில் போய் நின்றது. காற்று மணலை எப்படி நகர்த்துகிறது என்று அவர் 1941-ல் வெளியிட்ட புத்தகத்தை விஞ்ஞானிகள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். செவ்வாய் கிரகத்தின் மணல் மேடுகளை ஆராய்கிறவர்களுக்கும் அது உதவியிருக்கிறது.

போல்ட்டரின் யோசனை முழுவதும் வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. சக்கரத்துக்குச் சக்கரம் மோட்டார் வைக்கும் அந்த வித்தையை லெடூர்னோ என்ற அமெரிக்க எஞ்சினியர் 1950-களில் கையாண்டார். ராணுவத்துக்காக அவர் செய்த கடைசி வண்டித் தொடரில் 54 சக்கரங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். பாரத்தை நான்கு தலையில் வைக்காமல் ஐம்பத்துநான்கு தலையில் பங்கிட்டார். 1962-ல் அரிஸோனா பாலைவனத்தில் அது ஓடிக் காட்டியது.

பனிக்கப்பலின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1958-ல் அந்தப் பக்கம் போன கூட்டத்தார் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு மூங்கில் கழியைப் பார்த்தார்கள். தோண்டினால், பல அடிகளுக்குக் கீழே வண்டி! உள்ளே பத்திரிகைகளும் காகிதங்களும் சிகரெட்டும் போட்டது போட்டபடி கிடந்தன. சக்கரத்தின் அடிவரை தோண்டி, இத்தனை வருஷத்தில் எவ்வளவு பனி பெய்திருக்கிறது என்று அளந்துகொண்டு போனார்கள். அதன் பிறகு அது யார் கண்ணிலும் படவில்லை.

கர்ணன் கதையில் ஒரு விஷயத்தை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். மண்ணைப் பார்த்துத் தேர் ஓட்ட வேண்டியவன் சல்லியன். நாகாஸ்திரத் தகராறில் அவன் கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான் என்று நம் ஊரில் பாரதம் சொல்கிறவர்கள் சொல்வார்கள். அதன் பிறகுதான் சக்கரம் புதைகிறது. போல்ட்டரிடம் கோபித்துக்கொண்டு போனது யாரும் அல்ல, காலம். மண்ணைக் கேட்டுவிட்டு வருவதற்கு ஒரே ஒரு குளிர்காலம் அவருக்குக் கிடைத்திருந்தால் கதை எப்படி முடிந்திருக்குமோ!

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது சிநேகிதரின் காப்பி ஆறிப்போயிருந்தது. "சரி ஐயா, என்னதான் செய்யச் சொல்கிறீர்?" என்று மேஸ்திரியைப் பார்த்துக் கேட்டார்.

"மழை பெஞ்ச மறுநாள் சொல்லி அனுப்புங்க சார். நான் வந்து பாதையை நடந்து பார்த்துடறேன். சக்கரத்தை அப்புறம் வாங்கிக்கலாம்."

லாரி இன்னும் மரக்கட்டைமேல்தான் நிற்கிறது. சிநேகிதர் தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.