நாலு கிரவுண்டு தண்ணீர்

டாக்காவுக்குக் கிழக்கே பாலு நதிக்கரைத் தாழ்வயல்களில் ஒரு சதுரம். பக்கத்துக்கு 30 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய நாலு கிரவுண்டு. தரையில் அதற்கு வரப்பும் இல்லை, வேலியும் இல்லை. அது பிறந்தது வானத்தில். 1984 மார்ச்சில் ஏவிய லேண்ட்சாட் 5 செயற்கைக்கோள், 705 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 16 நாளுக்கு ஒருமுறை அந்த மண்ணைக் கடந்தபோது, பூமியை இப்படிச் சதுரம் சதுரமாகத்தான் பார்த்தது. பிக்சல் என்கிறோமே, அதுதான்.

போரோ நெல் பச்சை கட்டி நிற்கும் மார்ச்சில் படம் எடுத்தால், அகச்சிவப்பில் பயிர் பளிச்சென்று தெரியும். அந்த அலைவரிசைக்குச் சிவப்பு கொடுத்து அச்சிட்டால் சதுரம் செக்கச்செவேலென்று இருக்கும். ஆகஸ்டில் அதே இடத்தில் வெள்ளம் நிற்கும், படத்தில் கன்னங்கரேல். ஆனால் அந்தக் கறுப்பு கண்ணில் படுவது அரிது. மழைக்காலம் முழுக்க மேகம் மூடிக்கிடக்கிறது. ஆய்வாளர்கள் வேறு வழியில்லாமல் நவம்பர் முதல் மார்ச் வரையிலான தெளிந்த வானத்துப் படங்களையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். சதுரத்துக்கு 'விளைநிலம்' என்று பெயர் விழுகிறது. வருஷத்தில் பல மாதம் அது குளம் என்பது எழுதப்படாமலே போகிறது.

படம் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், சூ ஃபால்ஸ் காப்பகத்தில் போய்ச் சேர்ந்தது. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்ற நிலை 2008-ல் மாறியது. அதன்பின் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அப்போதுதான் நம் சதுரத்துக்கு இரண்டாவது பயணம் தொடங்கியது. எதிர்காலத்தை நோக்கி.

ஒரு நிலம் இனி என்னவாகும் என்று கணிக்கும் கணக்குக்கு வேர் ரஷ்யாவில் இருக்கிறது. 1913-ல் கணிதவியலாளர் மார்க்கோவ், புஷ்கினின் கவிதை நாவலிலிருந்து 20,000 எழுத்துகளை எண்ணி, உயிருக்குப் பின் மெய் எத்தனை முறை வருகிறது, மெய்க்குப் பின் மெய் எத்தனை முறை என்று கணக்கிட்டார். எழுத்து இருந்த இடத்தில் நிலத்தை வையுங்கள். பத்து வருஷத்தில் நூறு வயல் சதுரங்களில் இருபது வீடாயின என்றால், அடுத்த பத்து வருஷத்திலும் அதே விகிதம். எத்தனை என்பது இப்படிக் கிடைக்கும். எது என்பதற்கு அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும்: பக்கத்துச் சதுரம் வீடா, சாலை எவ்வளவு தூரம் என்று. டாக்காவுக்கு 1989, 1999, 2009 படங்களைக் கொண்டு 2019 எப்படி இருக்கும் என்று வரைந்து பார்த்திருக்கிறார்கள்.

இடையில் ஒருநாள் டிரெட்ஜர் குழாய் வருகிறது. ஆற்றில் அள்ளிய மணலைத் தண்ணீரோடு சேர்த்து வயலில் பீய்ச்சுகிறார்கள். தண்ணீர் வடிந்துவிடும், மணல் தங்கிவிடும். வரப்பு மறையும், மடை மறையும். பாலு என்ற சொல்லுக்கே வங்காளத்தில் மணல் என்றுதான் பொருள். சிவப்பாக இருந்த சதுரம் படத்தில் வெள்ளை வெளேரென்று ஆகிறது. பட்டியலில் 'வெற்று நிலம்'. அடுத்த படத்தில் கட்டடம் வரும் என்று சொல்லக் கணினியே வேண்டாம்.

சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழும் நாடு. வீடு வேண்டும்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. என் ஆதங்கமெல்லாம் 'விளைநிலம்' என்ற அந்தப் பெயரில்தான். 1988 வெள்ளத்துக்குப் பிறகு நகரின் மேற்குப் பக்கம் கரை எழுப்பினார்கள். கிழக்கு திறந்தே கிடந்தது. 1998-ல் வெள்ளம் வந்தபோதும் அந்தத் தாழ்வயல்கள்தான் நீருக்கு மடி கொடுத்தன. 2000-ல் இயற்கை நீர்நிலைகளைக் காக்கச் சட்டமும் வந்தது. ஆனால் கணிப்பு வரைபடம் 'விளைநிலம் குறைந்தது, கட்டடம் கூடியது' என்று சொல்லும்போது, வாசிப்பவர் நெல்லை மட்டும் நினைக்கிறார். அந்த நாலு கிரவுண்டு ஏந்தி வைத்திருந்த வெள்ளம் இனி எந்தத் தெருவுக்குப் போகும் என்ற கேள்வி வரைபடத்துக்குள் நுழைவதே இல்லை.

2014 ஏப்ரலில் ஐரோப்பா சென்டினல் 1-ஐ ஏவியது. அதில் ரேடார் இருக்கிறது. மேகம் அதற்குத் தடையில்லை. அசையாத நீர்ப்பரப்பில் பட்ட அலை செயற்கைக்கோளுக்குத் திரும்பாமல் வேறு பக்கம் தெறித்துவிடுவதால், தண்ணீர் படத்தில் கறுப்பாக விழும். மணல் கொட்டாத ஒரு தாழ்வயலின் ஆகஸ்ட் படத்தை எடுத்து, மார்ச் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. இரண்டும் ஒரே நிலம்தான்.