கடன் தீர்த்த குளவி

ஒரு குளவியின் விலை என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

சிரிக்காதீர்கள். நிஜமாகவே கணக்குப் போட்டிருக்கிறார்கள். கொட்டினால் கன்னம் வீங்குமே, அந்தக் குளவி இல்லை இது. மில்லிமீட்டரில் அளக்க வேண்டிய சமாசாரம். உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தால் தூசு என்று ஊதிவிடுவீர்கள். மனிதர்களைக் கொட்டத் தெரியாத பரம சாது. இந்தியாவிலிருந்து கிளம்பிப் போய் மேற்கு ஆப்பிரிக்காவின் மாமரங்களைக் காப்பாற்றிய புண்ணியாத்மா.

கதையை முதலிலிருந்து பார்த்துவிடலாம்.

மா, ஆப்பிரிக்காவின் மரமே இல்லை. நம் பக்கத்திலிருந்து போனது. ஆனால் போன இடத்தில் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. டோகோ, பெனின், கானா பக்கத்துக் கிராமங்களில் மாமரம் என்பது வெறும் பழ மரம் இல்லை. நம் ஊர் ஆலமரத்தடி மாதிரி. நிழல் அங்கேதான். பஞ்சாயத்து அங்கேதான். சந்தையில் பழம் விற்று நாலு காசு பார்ப்பதும் அதை வைத்துத்தான்.

1981-82 வாக்கில் அந்த மரங்கள் கறுக்க ஆரம்பித்தன.

இலையின் அடியில் வெள்ளை வெள்ளையாக, மாவைத் தூவினாற்போல ஒரு பூச்சி. நம் விவசாயிகள் பாஷையில் மாவுப்பூச்சி. அது சாற்றை உறிஞ்சும். உறிஞ்சியது போக மிச்சத்தைத் தேன் மாதிரி பிசுபிசுப்பாகக் கீழே சொட்டும். அந்தப் பிசுபிசுப்பின் மேல் கரி பூசினாற்போலப் பூஞ்சணம் படரும். இலை கறுத்துவிட்டால் வெயில் எப்படி உள்ளே போகும்? மரம் எப்படிச் சமைக்கும்? பூப்பது குறைந்தது. காய்ப்பது குறைந்தது. நிழலில் உட்கார்ந்தாலும் தலையில் பிசின் சொட்டியது.

மருந்து அடித்துப் பார்த்தார்கள். ஆனால் நாற்பதடி உயர மரத்துக்கு, அதுவும் வீட்டு வாசலில் நிற்கிற மரத்துக்கு, எத்தனை முறை அடிப்பது? யார் காசு கொடுப்பது? கிளைகளை வெட்டிப் பார்த்தார்கள். சிலர் மரத்தையே வெட்டினார்கள். பூச்சி அடுத்த தேசத்துக்குப் போய்விட்டது. நைஜீரியா, ஐவரி கோஸ்ட், காபோன் என்று வரிசையாகப் பரவியது.

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். முதலில் இந்தப் பூச்சியின் பெயரையே தப்பாகத்தான் சொன்னார்கள். தென்கிழக்கு ஆசியாவில் இருக்கிற வேறொரு மாவுப்பூச்சி என்று நினைத்துக்கொண்டார்கள். 1986-ல்தான் டி.ஜே. வில்லியம்ஸ் என்கிற பிரிட்டிஷ் பூச்சியியல் அறிஞர், இது வேறு இனம் என்று சொல்லி, ராஸ்ட்ரோகாக்கஸ் இன்வேடன்ஸ் என்று பெயர் வைத்தார். இன்வேடன்ஸ் என்றால் படையெடுத்து வருவது. பொருத்தமான பெயர்தான்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். எல்லாமே அதில்தான் இருக்கிறது. பெயர் தெரிந்தால் சொந்த ஊர் தெரியும். சொந்த ஊர் தெரிந்தால், அங்கே இதற்கு எதிரி யார் என்று விசாரிக்கலாம். இந்தப் பூச்சி இந்தியாவிலும் இருக்கிறது. ஆனால் இங்கே அது இப்படி ஆட்டம் போடவில்லை. ஏன்? யாரோ அடக்கி வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

தேடினார்கள். பிடித்தார்கள். அந்த யாரோதான் நம் குளவி. கைரனுசாய்டியா டெபிகி என்று வாய்க்குள் நுழையாத பெயர். பெண் குளவி, இளம் மாவுப்பூச்சியைத் தேடிப் பிடித்து அதன் உடம்புக்குள் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு, உள்ளேயே உட்கார்ந்து சாப்பிடும். பூச்சி செத்து, கூடாக விறைத்துப் போகும். அந்தக் கூட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். அடுத்த பூச்சியைத் தேடிப் போகும். குரூரம்தான். ஆனால் இயற்கையின் சட்டப் புத்தகத்தில் இது சிவில் வழக்கு.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். வராவிட்டால்தான் தப்பு. ஒரு பூச்சியை ஒழிக்க இன்னொரு பூச்சியைக் கொண்டுபோய் விட்டால், அது பூதமாகிவிடாதா?

ஆகியிருக்கிறது. 1935-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், கரும்பை அரிக்கும் வண்டுகளை ஒழிக்க ஹவாயிலிருந்து தேரைகளை வரவழைத்தார்கள். தேரை வண்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தின்றது. கோடிக்கணக்கில் பெருகி, இன்றைக்கு வரைக்கும் அந்த தேசத்துக்குத் தலைவலி. ஆனால் தேரை, கிடைத்ததையெல்லாம் விழுங்குகிற ஜாதி. நம் குளவி அப்படியில்லை. இந்த மாவுப்பூச்சி இல்லாவிட்டால் அதற்குப் பிள்ளை பெறவே வழியில்லை. அதைச் சோதித்துப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் விமானம் ஏற்றினார்கள்.

1987-ல் டோகோவில் பறக்கவிட்டார்கள். அடுத்த வருஷம் பெனின். பிறகு அதுவே பறந்தது, எல்லை தாண்டியது. விசாவெல்லாம் கேட்கவில்லை. போன இடத்திலெல்லாம் மாவுப்பூச்சி அடங்க ஆரம்பித்தது. ஒருசில இடங்களில் மட்டும் இது போதவில்லை. துணைக்கு 1991-ல் அனகைரஸ் மாஞ்சிகோலா என்று இன்னொரு குளவியும் இந்தியாவிலிருந்தே போனது. கறுத்த மரங்கள் மெல்ல மெல்லப் பச்சைக்குத் திரும்பின.

இனி கணக்கு. வணிகவியல் படித்தவன் புத்தி, வரவு செலவு பார்க்காமல் தூக்கம் வராது.

பெனினில் மா வளர்ப்பவர்களிடம் நேரில் கேட்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2002-ல் அது வெளியானது. பூச்சி அடங்கியதால் மா வளர்ப்பவர் ஒருவருக்குக் கிடைத்த கூடுதல் வருமானம், சராசரியாக வருஷத்துக்கு 328 டாலர். தேசம் முழுக்கப் பார்த்தால் வருஷத்துக்கு 5 கோடி டாலர். இருபது வருஷத்துக்குக் கூட்டி இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், 53 கோடி டாலருக்கு மேல். செலவு? மற்ற ஆப்பிரிக்க தேசங்களில் ஆரம்பத்தில் செய்த செலவு, இந்தியாவிலிருந்து கொண்டுபோன செலவு எல்லாம் சேர்த்தே சுமார் 36 லட்சத்து 60 ஆயிரம் டாலர்தான். ஒன்று போட்டால் நூற்று நாற்பத்தைந்து! எந்த பங்குச்சந்தையில் கிடைக்கும் சொல்லுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். இந்த முதலீட்டில் ஏழை விவசாயி ஒரு பைசா போடவில்லை. மருந்துக் கடைக்கு வருஷா வருஷம் அழவும் இல்லை. அதனால்தான் இந்த மாதிரிக் குளவிகளுக்கு விளம்பரம் கிடையாது. ஒரு தடவை விட்டால் தானே பெருகிக்கொள்கிற சரக்கை எந்த கம்பெனி விற்கும்?

நம் ஊர் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. மாவுப்பூச்சி தெரிந்ததும் மருந்து டப்பாவைத் திறக்காதீர்கள். முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். விறைத்த கூட்டில் வட்டமாக ஓட்டை இருந்தால், உங்கள் தோப்பில் சம்பளம் வாங்காத காவல்காரன் வேலையில் இருக்கிறான் என்று அர்த்தம். கண்டபடி அடிக்கிற விஷம் முதலில் அவனைத்தான் கொல்லும். பூக்கும் சமயத்தில் அடித்தால், மகரந்தம் சுமக்கும் ஈயும் தேனீயும் சேர்ந்து போகும். அறுவடை முடிந்ததும் நெருக்கமான கிளைகளைக் கழித்துக் காற்றும் வெயிலும் உள்ளே வரவிடுங்கள். அடிமரத்தில் எறும்பு வரிசையாக ஏறுகிறதா? பிசினுக்கு ஆசைப்பட்டு மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கப் போகிறது. பசை தடவிய பட்டை ஒன்றைச் சுற்றி வழியை அடையுங்கள். மிச்சத்தைக் குளவி பார்த்துக்கொள்ளும்.

கதை இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன்.

2020-ல் கேரளத்தில் திருச்சூர் பக்கம், மரவள்ளியில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. சீக்கிரமே தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. சேலம், நாமக்கல் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்றால் வாழ்க்கை. ஜவ்வரிசி ஆலைகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. குருத்தெல்லாம் சுருண்டுபோய் விவசாயி கைபிசைந்து நின்றான்.

இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை சூறையாடியது. அதற்கு எதிரியான குளவியை 1981-ல் பராகுவேயில் கண்டுபிடித்துக் கொண்டுவந்து விட்டுத்தான் அடக்கினார்கள். அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

நமக்கு அந்தக் குளவி வேண்டும். பெங்களூரில் இருக்கிற தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் அதை 2021-ல் வரவழைத்தது. பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் பறக்கவிட்டார்கள்.

எங்கிருந்து வரவழைத்தார்கள் தெரியுமா? ஆப்பிரிக்காவிலிருந்து. சர்வதேச வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் கிளை ஒன்றிலிருந்து. அந்தக் கிளை இருக்கிற தேசம், பெனின்.