சதுரகிரி மலைப்பாதை: ஒரு சிறு வரலாறு

மலைப்பாதையில் ஓடுவது இன்று உலகம் முழுக்க ஒரு விளையாட்டாகிவிட்டது. ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ் மலையை 1895-லேயே ஒருவர் கடிகாரம் வைத்து ஏறி இறங்கினார். 2 மணி 41 நிமிடம். 2003 முதல் ஆல்ப்ஸ் மலையில் மோன்ட் பிளாங்கைச் சுற்றி ஒரு பெரும் ஓட்டம் நடக்கிறது. பிரான்சின் தென்கரையில், மத்தியதரைக் கடலை ஒட்டிய கலாங்க் பாறை மலைகளிலும் ஓடுகிறார்கள், நடக்கிறார்கள். இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் காலையில் கேட் திறந்ததும் உள்ளே போய், சொன்ன நேரத்துக்குள் இறங்கியாக வேண்டிய மலை ஒன்று விருதுநகர் மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கே போகிறவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்ல. வேட்டியும் சேலையும் கட்டிய சாதாரண மக்கள், அதிலும் பாதிப்பேர் செருப்பில்லாதவர்கள்.

சாத்தூரை அடுத்த அச்சங்குளம் போன்ற பட்டாசு ஊர்கள் வறண்ட கரிசல் பூமி. வேலிக்கருவை, மானாவாரி நிலம், தூரத் தூரமாகப் பட்டாசு ஷெட்டுகள். அங்கிருந்து மேற்கே சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி வத்திராயிருப்பு போய்ச் சேர்ந்தால் காட்சி அப்படியே மாறிவிடும். தென்னந்தோப்பும் வயலும், அதற்குப் பின்னால் சுவர் மாதிரி எழும் மேற்குத் தொடர்ச்சி மலையும். மலையடிவாரம் தாணிப்பாறை. அங்கிருந்து மேலே சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம் கோயில்களுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் நடை. வண்டிப் பாதை கிடையாது. பாதை விருதுநகர் மாவட்டத்தில் தொடங்குகிறது, கோயிலோ மதுரை மாவட்டம் சாப்டூர் எல்லைக்குள் இருக்கிறது. கோயிலுக்கு அறநிலையத்துறை, காட்டுக்கு வனத்துறை, இரண்டு மாவட்ட நிர்வாகம்... குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்!

இந்தப் பாதையை யார் போட்டார்கள்? சித்தர்கள் நடந்த பாதை என்பது நம்பிக்கை. பதினெட்டு சித்தர்களும் இன்னும் அங்கே உலவுவதாகச் சொல்கிறார்கள். அதை நம்புபவர் நம்பட்டும். பாதையில் உள்ள இடங்களின் பெயரைக் கேட்டால் வேறொரு வரலாறும் கிடைக்கிறது. மாங்கேனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, சின்னப் பசுக்கிடை, பிலாவடிக் கருப்பசாமி. கோரக்கரையும் லிங்கத்தையும் தள்ளிவைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். ஒன்று வழுக்கும் இடம், ஒன்று சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டிய இடம், ஒன்று தண்ணீர் கிடைக்கும் இடம், ஒன்று மாடு கிடை போடும் இடம், ஒன்று பலா மரத்தடி. வரைபடம் இல்லாத காலத்தில் பெயரே வரைபடம். எங்கே காலைப் பார்த்து வைக்க வேண்டும், எங்கே குடிக்கலாம், எங்கே உட்காரலாம் என்பதெல்லாம் அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது.

பசுக்கிடை என்ற பெயர் முக்கியமானது. கோயிலின் தலபுராணமும் மாடு மேய்த்த பச்சைமால் என்பவரின் கதைதான். மடியில் பால் குறைவதைக் கண்டு அவர் ஓங்கிய கம்பு மகாலிங்கத்தின் மேல் பட்டது, அந்த வடு இன்றும் தெரிகிறது என்பார்கள். கதை எப்படியோ போகட்டும். கோடையில் கீழே புல் காய்ந்ததும் மாட்டை மேலே ஓட்டிப் போய்க் கிடை போட்டவர்களும், அதற்கும் முன்னால் தேன், கிழங்கு, மூலிகை தேடி அலைந்த பளியர்களும் மிதித்து மிதித்து உண்டானதே இந்தத் தடம் என்று எண்ண இடமிருக்கிறது. பளியர்கள் இன்றும் தாணிப்பாறையிலும் செண்பகத்தோப்பிலும் வாழ்கிறார்கள். மலைக்கு மேலே போகும் அரிசியும் பருப்பும் தலைச்சுமையாகவே போயாக வேண்டும். சும்மா கைவீசி ஏறுபவர்களுக்கே மூச்சு வாங்கும் பாதையில் மூட்டையோடு ஏறுகிறவர்களைப் பார்த்தால், மலை ஓட்டப் பதக்கமெல்லாம் யாருக்குப் போக வேண்டும் என்று யோசிக்கத் தோன்றும்.

முன்பெல்லாம் இந்தப் பயணத்துக்கு அவசரமே கிடையாது. இருட்டோடு ஏறுவார்கள், வெயில் வந்தால் பாறை நிழலில் படுப்பார்கள், மேலே மடத்தில் சாப்பிட்டு இரவு தங்கி மறுநாள் இறங்குவார்கள். ஆடி அமாவாசைக்குத்தான் பெருங்கூட்டம். பிறகு பத்திரிகைகளும் இணையமும் சித்தர்களைப் பற்றி எழுத எழுத, 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் மாதம்தோறும் அமாவாசை, பௌர்ணமிக்கே கூட்டம் நெரிய ஆரம்பித்தது. மாடும் பத்துப் பதினைந்து மனிதர்களும் போய்வந்த தடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள்.

இதற்கிடையே காட்டின் கணக்கு வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1988-ல் இப்பகுதி நரை அணில்களுக்காக வனவிலங்கு சரணாலயமாக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. தமிழ்நாட்டின் ஐந்தாவது காப்பகம் இது, பரப்பு 1,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். யானை, வரையாடு, புலி எல்லாம் இருக்கும் காட்டுக்கு நடுவேதான் கோயில் பாதை போகிறது. அதே மாதத்தில்தான் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் இறந்தார்கள். கீழே அந்தத் துக்கம், மேலே காப்பகம் என்று இரண்டு செய்தியும் ஒரே மாவட்டத்திலிருந்து ஒரே மாதத்தில் வந்தன.

ஆனால் பாதைக்குக் கடிகாரம் வந்தது புலியால் அல்ல, தண்ணீரால். 2015 மே 17, அமாவாசையை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை. மலைமேல் திடீர் மழை. இந்த மலையின் சரிவு செங்குத்து, பாறை அதிகம், மண் குறைவு. மேலே பெய்யும் மழையை உறிஞ்ச எதுவும் இல்லை. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடையில் சில நிமிடங்களில் வெள்ளம் வந்துவிடும். பாதையோ ஓடையைத் திரும்பத் திரும்பக் கடக்கிறது. அன்று ஆயிரக்கணக்கானோர் இரு கரையிலும் சிக்கிக்கொண்டனர், சிலர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தனர். கயிறு கட்டித்தான் பலரை மீட்டார்கள். அதன்பின் அமாவாசையை ஒட்டி நான்கு நாள், பௌர்ணமியை ஒட்டி நான்கு நாள் என்று மாதத்தில் எட்டே நாள் அனுமதி. இரவு தங்கக் கூடாது. நெகிழிப் பொருள் கொண்டுபோகக் கூடாது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை வழிகாட்டியோடும் கட்டணத்தோடும் அரசே திறந்தது. செண்பகத்தோப்பு–புதுப்பட்டி பாதை அதில் ஒன்று. கலாங்க் மலைகளிலும் இதே கதைதான். அங்கே கோடையில் தீ அபாயம் கூடிய நாட்களில் நுழைவு மூடப்படும். 2022 முதல் சுஜித்தோன் என்ற இடத்துக்குக் கோடை நாட்களில் ஒரு நாளைக்கு 400 பேர்தான், அதுவும் முன்பதிவு செய்தால்.

2025-ல் நீதிமன்றம் வரை போன பிறகு சதுரகிரிக்குத் தினமும் போக வழி பிறந்தது. காலை 6 மணி முதல் 10 மணி வரை ஏறலாம், மாலை 4 மணிக்குள் அடிவாரம் வந்துவிட வேண்டும். ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வயதானவர்கள் ஏற நான்கைந்து மணி நேரம் ஆகும். பத்து மணிக்கு நுழைபவர் மேலே சேரும்போது இரண்டு, மூன்று மணி. இறங்க மூன்று மணி நேரமாவது வேண்டும். கணக்கு உதைக்கிறது! ஆக, உட்கார்ந்து உட்கார்ந்து ஏற வேண்டிய மலையில் இன்று எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். வழுக்குப்பாறையில் அவசரம் கூடாது என்று பெயர் வைத்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். விதியோ சீக்கிரம் இறங்கு என்கிறது. விதி தேவையில்லை என்று சொல்ல முடியாது, 2015-ஐ மறந்தால்தான் அப்படிச் சொல்லலாம். கதவைக் காலை நான்கு மணிக்குத் திறந்தால் வெயிலும் தப்பும், அவசரமும் குறையும். ஆனால் அது யானை நடமாடும் நேரம் என்பார்கள். அதுவும் சரிதான்.

பெரும் கூட்டம் கூடும் ஆடி அமாவாசையில் நேரமெல்லாம் மாறும். மற்றபடி மழை எச்சரிக்கை வந்துவிட்டால் அன்றைய அனுமதி ரத்து. ராத்திரியே வேன் பிடித்துக் கிளம்பி வந்தவர்கள் தாணிப்பாறை கேட்டிலேயே சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.