இருநூறு என்ற எண்

எச்.ஐ.வி பற்றிக் கதைத்தால் எங்கட ஆக்கள் முதலில் கேட்கிறது மருந்தைத்தான். இருக்குதா, என்ன விலை? மருந்து தொடங்க முன்னம் ஒரு எண் தேவைப்பட்ட காலம் இருந்தது என்று சொன்னால், வெள்ளவத்தையிலயும் கொட்டாஞ்சேனையிலயும் கனபேர் புதுக்கதை கேட்ட மாதிரிப் பார்க்கினம். அந்த எண்ணின் வரலாற்றில் ஒரு நல்ல பகுதி நடந்தது, கொழும்பிலயிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள்ள பறந்துபோகிற சென்னையில்.

சீடி4 என்ற நிர்ப்பீடனக் கலங்கள் ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் எத்தனை? இதுதான் அந்த எண். சுகதேகிக்கு 500க்கு மேலே இருக்கும். வைரசு இந்தக் கலங்களுக்குள்ளேயே புகுந்து பெருகுவதால் எண் இறங்கும். 200க்குக் கீழே போனால் காசநோய், நியூமோனியா எல்லாம் உள்ளே வரும். 2000களின் தொடக்கத்தில் ஏழை நாடுகளில் மருந்துக்கான வாசலும் அந்த 200தான்.

1986இல் மருத்துவர் சுனிதி சொலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 1993இல் சொலமன் வை.ஆர்.ஜி. கெயாரைத் தொடங்கினார். 2001இல் சிப்லா மூன்று மருந்துச் சேர்க்கையை ஆண்டுக்கு 350 டொலருக்குத் தர முன்வந்தது. மருந்து விலை இறங்கியது. எண்ணும் யந்திரத்தின் விலை இறங்கவில்லை. லேசரால் கலங்களை எண்ணுகிற அந்த யந்திரம் பல்லாயிரம் டொலர்.

சென்னைக் குழு கையால் எண்ணிப் பார்த்தது. மணலை விடச் சின்னக் காந்தமணிகள், அவற்றின் மேல் சீடி4ஐப் பிடிக்கும் பிறபொருளெதிரி. மொனோசைற்றுக் கலங்களிலும் சீடி4 இருப்பதால் அவற்றை முதலே வேறு மணிகளால் அகற்றிவிடவேணும். பிறகு குழாயைக் காந்தத்தோடு வைத்தால் பிடிபட்ட கலங்கள் சுவரில் ஒதுங்கும். மிச்சத்தைக் கழுவி ஊற்றி, கருவுக்குச் சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில ஒராள் குந்தியிருந்து எண்ணுவார். இதன் விளைவுகள் யந்திரக் கணக்கோடு நன்றாகப் பொருந்தின என்று 2004இல் எழுதினார்கள். கண் நோகிற வேலைதான். நூறு பேர் வரிசையில நிற்கிற கிளினிக்குக்குக் காணாது. ஆனா யந்திரமே இல்லாத ஊருக்கு இது பெரிய விசயம்.

இலங்கையில் முதல் தொற்று 1987இல் பதிவானது. அரச கிளினிக்கில் மருந்து வந்தது 2004 கடைசியில்தான். ஏற்றிய குருதியால் தொற்றுக்குள்ளாகி, அதைப் பகிரங்கமாகச் சொன்ன குழந்தை மருத்துவர் கமலிகா அபேரத்ன இறந்ததும் அதே வருசம்.

2015இல் உலக சுகாதார நிறுவனம் வாசலை எடுத்துவிட்டது: தொற்று உறுதியானால் எண்ணைப் பாராமல் மருந்து. நல்ல முடிவுதான். ஆனா அதோட எண்ணுகிற வேலைக்குக் காசு குறைந்தது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. பிந்தி வருகிறவர்கள் இன்னும் இருக்கினம். 200க்குக் கீழே இருக்கிறவருக்குக் காசநோயையும் மூளைக்காய்ச்சலையும் உடனே தேடவேணும். விசிடெக்ட் என்றொரு பட்டி வந்தது. யந்திரம் வேண்டாம், 40 நிமிடம், 200க்கு மேலேயா கீழேயா என்று கோடு காட்டும்.

முதல் பரிசோதனைக்குக் கொழும்பு 10, டி சேரம் பிளேசில் உள்ள அரச கிளினிக் இருக்கு. இலவசம், விபரம் வெளியில போகாது.